கொல்லர் கப்பாபின் கூலிப் பாக்கி

பிலால் (ரலி) அவர்களின் பெயரைக் கேள்விப்படாத வீடு நம்மவர்களிடையே இல்லை. பாங்கின் ஓசையை அறிந்த சிறு குழந்தைக்கும் அவர்களைத் தெரியும். ஆனால் அதே மக்காவில், அதே வருஷங்களில், அதே வெயிலில் வாட்டப்பட்ட கப்பாப் இப்னு அல்-அரத் (ரலி) அவர்களின் சரித்திரமோ ஓதுகிற பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடுகிறது. பெரியவர்களான பின் அவர்களை நினைப்பவர் சிலரே.

இந்த இதழுக்கு ஒரு ஸஹாபியின் வரலாறு எழுதித் தரும்படி காரியதரிசி அவர்கள் கேட்டபோது, நாம் கப்பாப் (ரலி) அவர்களைத் தேர்ந்துகொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற மாதம் ஒரு நாள் இஷாத் தொழுகைக்குப் பின் சங்க அறையில் ஒரு பேச்சுக் கிளம்பியது. கடையில் வேலை பார்க்கும் ஒருவன், மார்க்க விஷயத்தில் தன் அபிப்பிராயத்தை நாலு பேர் கூடிய இடத்தில் வெளிப்படையாகப் பேசிவிட்டான். அது முதலாளிக்கும் பிடிக்கவில்லை, வாடிக்கைக்காரர்களுக்கும் பிடிக்கவில்லை. அப்போது முதலாளி அவனை என்ன செய்யலாம் என்பதே பேச்சு. நம் உப்பைத் தின்கிறவன் நம் கடைக்கு ஊறு வரும்படி பேசலாமா என்று சிலர் கேட்டார்கள். கடைக் கதவைச் சாத்திய பிறகு அவன் வாய் அவனுக்குச் சொந்தம் என்று சிலர் சொன்னார்கள். தேநீர் ஆறிப்போகும் வரை தர்க்கம் நடந்தது. நாம் மட்டும் வாயே திறக்கவில்லை. எப்போதும் அதிகம் பேசுகிற நாம் அன்று ஏன் பேசவில்லை என்று ஒரு நண்பர் கேட்கவும் செய்தார். அதற்குப் பதிலைப் பின்னால் சொல்கிறோம்.

கப்பாப் (ரலி) அவர்கள் தமீம் குலத்தில் பிறந்தவர்கள் என்பது சரித்திராசிரியர்களில் பெரும்பாலோர் கூறுவது. ஒரு கொள்ளையில் பிடிபட்டு, மக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கே விலைக்கு விற்கப்பட்டார்கள். குஸாஆ குலத்தைச் சேர்ந்த உம்மு அன்மார் என்ற பெண் அவர்களை வாங்கினாள். அவர்களுடைய தொழில் கொல்லு வேலை. வாள் செய்வதில் கைதேர்ந்தவர்கள்.

அக்காலத்து மக்காவை நம்மைப் போன்ற வியாபாரிகள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். பயிர் விளையாத ஊர். குறைஷிகள் குளிர்காலத்தில் யமன் பக்கமும் கோடையில் ஷாம் பக்கமும் ஒட்டகக் கூட்டங்களை ஓட்டி வியாபாரம் செய்தே பிழைத்தார்கள். சரக்கு போகும் பாதையில் காவல் வேண்டும். காவலுக்கு வாள் வேண்டும். ஆனால் வாளை ஏந்துவதைப் பெருமையாகக் கருதிய அந்தக் குலத்தவர்கள், அதை அடித்துச் செய்வதை இழிவாகக் கருதினார்கள். கரி பிடித்த கையும் வியர்வை வழியும் முதுகும் அடிமைகளுக்கும் அண்டிப் பிழைப்பவர்களுக்கும் உரியவை என்பது அவர்களுடைய எண்ணம். கொல்லனிடம் வேலை வாங்குவார்கள். ஆனால் அவனைத் தங்களுக்குச் சமமாக உட்காரவைக்க மாட்டார்கள்.

அந்தப் பட்டறைக்குள் இருந்தவர்தான் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அழைப்பை முதன் முதலில் ஏற்றவர்களில் ஒருவராக ஆனார். ஆறாவதாக இஸ்லாத்தில் சேர்ந்தவர் என்று ஒரு கணக்கு உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் அர்கம் (ரலி) அவர்களின் வீட்டை இரகசியக் கூட்டத்துக்கு வைத்துக்கொள்வதற்கு முன்பே கப்பாப் (ரலி) கலிமாச் சொல்லிவிட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். ஆரம்பத்தில் ஈமான் கொண்டவர்களில் பலர் அதை மறைத்து வைத்திருந்தார்கள். அதில் குற்றமில்லை, காலம் அப்படி. முதன் முதலில் இஸ்லாத்தை வெளிப்படையாகக் காட்டிக்கொண்டவர்கள் ஏழு பேர் என்று ஒரு பழைய அறிவிப்பு உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள், அபூபக்கர் (ரலி), பிலால் (ரலி), கப்பாப் (ரலி), ஸுஹைப் (ரலி), அம்மார் (ரலி), அம்மாரின் தாயார் சுமையா (ரலி) ஆகியோர். இவர்களில் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அவர்களுடைய பெரிய தந்தையின் பாதுகாப்பு இருந்தது. அபூபக்கர் (ரலி) அவர்களுக்குத் தம் குலத்தாரின் பாதுகாப்பு இருந்தது. மற்ற ஐவருக்கும் பின்னால் நிற்க அந்த ஊரில் ஆள் இல்லை. அவர்களை இரும்புக் கவசம் மாட்டி வெயிலில் போட்டார்கள்.

கப்பாப் (ரலி) தம் ஈமானை மனத்துக்குள் பூட்டி வைத்துக்கொண்டு சம்மட்டியை அடித்துக்கொண்டிருந்தால் யாரும் ஒன்றும் செய்திருக்கமாட்டார்கள். வெளியில் சொன்னதுதான் குற்றமாயிற்று. அதிலும், சொன்னவன் ஒரு வேலைக்காரன் என்பதுதான் பெரிய குற்றமாயிற்று.

உம்மு அன்மார் என்ன செய்தாள் என்பதை எழுதவே கை கூசுகிறது. இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அவர்களுடைய தலையில் வைத்தாள் என்று கிதாபுகளில் வருகிறது. நெருப்புத் துண்டங்களைப் பரப்பி அதன்மேல் அவர்களை மல்லாக்கக் கிடத்திய கொடுமையும் நடந்தது. முதுகிலிருந்து உருகி வழிந்த கொழுப்பு அந்த நெருப்பை அணைத்ததாம். இதைப் பிற்காலத்தில் அவர்களே சொன்னார்கள்.

ஒரு நாள் நாயகம் (ஸல்) அவர்கள் கஃபாவின் நிழலில் தம் போர்வையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்திருந்தபோது, கப்பாப் (ரலி) சென்று, எங்களுக்காக உதவி கேட்கமாட்டீர்களா என்று முறையிட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள், முன் வாழ்ந்த ஈமான்தாரிகள் இரம்பத்தால் அறுக்கப்பட்டும் மாறவில்லை என்பதை எடுத்துரைத்தார்கள். ஸன்ஆவிலிருந்து ஹள்ரமவுத் வரை ஒரு பிரயாணி அச்சமின்றிப் போகும் காலம் வரும் என்றும், நீங்கள்தான் அவசரப்படுகிறீர்கள் என்றும் கூறினார்கள். பட்டறையிலும் வெயிலிலும் துன்பப்பட்ட மனிதருக்குப் பாதைப் பாதுகாப்பையே அடையாளமாகச் சொன்னது, வியாபார ஊரில் பிறந்த நபியின் வாக்கு என்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது.

இனி, நாம் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறோம்.

மக்காவில் ஸஹ்ம் குலத்துக்கு ஆஸ் இப்னு வாயில் என்பவன் தலைவன். செல்வன், வியாபாரி, கரை வைத்த பட்டுச் சட்டையும் யமன் நாட்டுப் போர்வையும் அணிந்து நடப்பவன். பிற்காலத்தில் மிஸ்ரு நாட்டை வென்ற அம்ரு இப்னு ஆஸ் (ரலி) அவர்களின் தகப்பன். கப்பாப் (ரலி) அவர்கள் இந்த ஆஸுக்கு ஒரு வாள் செய்துகொடுத்தார்கள். வேலை முடிந்தது. கூலி பாக்கி நின்றது. கப்பாப் (ரலி) வசூலுக்குப் போனார்கள்.

ஆஸ், வாளில் குறை சொல்லவில்லை. பணம் இல்லை என்றும் சொல்லவில்லை. முஹம்மதை மறுத்துச் சொன்னால்தான் பாக்கியைத் தருவேன் என்றான். நீ செத்து மறுபடி எழுப்பப்படும் வரையில் அது நடவாது என்று கப்பாப் (ரலி) பதில் சொன்னார்கள். உடனே அவன், செத்தபின் எழுப்பப்படுவதும் உண்டா என்று பரிகாசமாகக் கேட்டான். அப்படியானால் அங்கேயும் நமக்குப் பொருளும் பிள்ளைகளும் இருக்கும், அங்கே வா, கணக்குத் தீர்க்கிறேன் என்றான். இதைக் குறித்துத்தான் மர்யம் ஸூராவில் 77ஆவது வசனம் முதல் 80ஆவது வரை இறங்கின. அவன் மறைவானதை எட்டிப் பார்த்தானா, அல்லது அல்லாஹ்விடம் உடன்படிக்கை ஏதும் வாங்கி வைத்திருக்கிறானா என்ற கேள்வியும், அவன் சொல்வது எழுதி வைக்கப்படும் என்ற எச்சரிக்கையும், அவன் தனியாகத்தான் வந்து நிற்பான் என்ற செய்தியும் அதில் இருக்கின்றன. ஒரு கொல்லனின் கூலிப் பாக்கிக்காகத் திருமறையில் நான்கு வசனங்கள்!

கப்பாப் (ரலி) செய்ததில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தம் ஈமானை விடாதது பெரிய காரியம். ஆனால் அவர்கள் தம் கூலியையும் விடவில்லை. உன் காசு எனக்கு வேண்டாம், வைத்துக்கொள் என்று வீறாப்புப் பேசிவிட்டு வரவில்லை. உழைத்தவன் பாக்கியைக் கேட்பது இரப்பது அல்ல.

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்தச் செய்தியைத் தம் ஹதீஸ் தொகுப்பில் எங்கெங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை ஓதியவர்கள் அறிவார்கள். திருமறை விளக்கத்தில் வைத்திருப்பது இயல்பு. அதோடு நில்லாமல், வியாபாரப் பகுதியில் கொல்லர்களைப் பற்றிய பாடத்திலும் வைத்தார்கள். கூலிப் பகுதியில், இணைவைப்பவனிடம் ஒரு முஸ்லிம் கூலிக்கு வேலை செய்யலாமா என்ற பாடத்திலும் வைத்தார்கள். கடனைக் கேட்டு வாங்குவது பற்றிய பாடத்திலும் வைத்தார்கள். நாம் இதைச் சிறுவயதில் ஈமானைப் பற்றிய கதையாக மட்டும் கேட்டோம். பெரிய இமாம் அவர்களோ இதைக் கடைத்தெருவின் கதையாகவும் பார்த்திருக்கிறார்கள்.

ஆஸின் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தச் சரித்திரம் நிறைவு பெறாது. நாயகம் (ஸல்) அவர்கள் ஏறத்தாழ 20 வயது வாலிபராக இருந்த காலம், அதாவது சுமார் 590ஆம் ஆண்டு. யமனில் உள்ள ஸபீத் என்னும் ஊரிலிருந்து ஒரு வியாபாரி சரக்குக் கொண்டுவந்தான். அதை இதே ஆஸ் வாங்கினான். சரக்கை எடுத்துக்கொண்டு விலையைக் கொடுக்க மறுத்துவிட்டான். வெளியூர்க்காரனுக்கு நியாயம் கேட்டுத் தர யாரும் முன்வரவில்லை. அவன் அபூகுபைஸ் மலைமேல் ஏறிநின்று, கஃபாவைச் சுற்றியிருந்த குறைஷிகள் கேட்கும்படி கூவி முறையிட்டான். அதன் பிறகே சில குலத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் வீட்டில் கூடி, அநீதிக்கு ஆளானவன் உள்ளூரானாயினும் வெளியூரானாயினும் அவன் பக்கம் நிற்போம் என்று சத்தியம் செய்துகொண்டார்கள். ஆஸிடமிருந்து அந்தச் சரக்கையும் மீட்டுக் கொடுத்தார்கள். இதற்கு ஹில்ஃபுல் புளூல் என்று பெயர். நாயகம் (ஸல்) அவர்கள் அக்கூட்டத்தில் இருந்தார்கள். நபித்துவம் கிடைத்த பின்னும் அதைப் பெருமையாக நினைவுகூர்ந்தார்கள்.

அந்த யமன் வியாபாரி என்ன மார்க்கத்தைப் பேசினான்? ஒன்றுமில்லை. அப்போது மக்காவில் இஸ்லாமே வெளிப்படவில்லை. ஆஸ் அவனுக்கும் கொடுக்கவில்லை. கப்பாப் (ரலி) அவர்களுக்கும் கொடுக்கவில்லை. முதல் தடவை காரணம் சொல்லாமல் மறுத்தான். இரண்டாம் தடவை தெய்வங்களின் பேரில் ஒரு காரணம் கிடைத்தது. பாக்கியைப் பிடித்து வைக்க விரும்புகிறவனுக்கு மார்க்கம் ஒரு நல்ல திரை. கணக்குப் பிள்ளைகள் பலரைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல.

ஆஸ் தன் தெய்வங்களின்மேல் உண்மையான வைராக்கியம் கொண்டவன், அதனால்தான் அப்படிச் செய்தான் என்று சொல்வோரும் இருக்கலாம். அவர்களுக்காக உமர் (ரலி) அவர்களின் விஷயத்தைச் சொல்கிறோம்.

கத்தாபின் மகள் ஃபாத்திமா (ரலி) அவர்களும் அவர்களுடைய கணவர் ஸயீது (ரலி) அவர்களும் இரகசியமாக இஸ்லாத்தைத் தழுவியிருந்தார்கள். அவர்களுடைய வீட்டுக்குப் போய்த் தாஹா ஸூராவை ஓதிக் கொடுத்தவர் நம் கப்பாப் (ரலி) அவர்கள்தான். பகலில் உலை ஊதிய மனிதர் வாத்தியாராகவும் இருந்தார். ஒரு நாள் ஓதிக்கொண்டிருக்கும்போது உமர் வாளோடு வரும் சப்தம் கேட்டது. கப்பாப் (ரலி) உள்ளே ஒளிந்துகொண்டார்கள். பிறகு நடந்தது எல்லோரும் அறிந்ததே. தங்கையின் முகத்தில் இரத்தத்தைக் கண்டு மனமிரங்கிய உமர், அந்த ஓதலை வாங்கிப் படித்து உள்ளம் கரைந்தார்கள். அப்போதுதான் கப்பாப் (ரலி) மறைவிடத்திலிருந்து வெளியே வந்து, நாயகம் (ஸல்) அவர்கள் இருக்கும் இடத்தைச் சொன்னார்கள்.

உமர் (ரலி) இஸ்லாத்தில் சேர்ந்த செய்தி பரவியதும் மக்கா கொதித்தது. பள்ளத்தாக்கு நிரம்ப ஜனங்கள் திரண்டு அவர்களைத் தாக்க வந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்று தடுத்தவன் யார் தெரியுமா? இதே ஆஸ் இப்னு வாயில்! ஒரு மனிதன் தனக்கென்று ஒன்றைத் தேர்ந்துகொண்டால் உங்களுக்கு என்ன என்று கேட்டு, கூட்டத்தைத் திருப்பி அனுப்பினான். உமர் (ரலி) அவர்களின் குலமும் ஆஸின் குலமும் ஒப்பந்தம் செய்துகொண்ட குலங்கள். ஆளுக்குப் பலம் இருந்தது, குலத்துக்கு மதிப்பு இருந்தது. ஆகவே அவர்களுடைய மார்க்கம் அவர்களுடைய சொந்த விஷயமாகிவிட்டது.

இரண்டு மனிதர்கள், ஒரே கலிமா. பலமுள்ளவருக்கு ஆஸ் காவல் நின்றான். பலமில்லாத கொல்லனின் கூலியைப் பிடித்து வைத்தான். இதை நாம் வெகு காலம் கவனிக்கவில்லை. கவனித்த நாள் முதல் நமக்குத் தூக்கம் சரியாக வரவில்லை என்றால் அது மிகையல்ல.

ஏனென்றால், சகோதரர்களே, நாமும் ஒரு தடவை இதைச் செய்திருக்கிறோம்.

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் நம் கடையில் ஊரிலிருந்து வந்த ஒரு தம்பி வேலை பார்த்தான். சுறுசுறுப்பு, கை சுத்தம், கணக்கில் ஒரு காசு தவறமாட்டான். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலுக்கு வெளியே நின்று, கந்தூரிக்கும் கொடியேற்றத்துக்கும் மார்க்கத்தில் இடமில்லை என்று பேசிவிட்டான். நம் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கந்தூரிக்கு அரிசி மூட்டை கொடுத்து வருகிறது. அன்று அஸருக்குள் இரண்டு பழைய வாடிக்கைக்காரர்கள் கடைக்கு வந்து, உம்முடைய பையன்தானே என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் அந்த மாதம் சரக்கு எடுக்கவே இல்லை.

நாம் அவனைக் கூப்பிட்டோம். பேசிய இடத்திலேயே நின்று, பேசியது தப்பு என்று சொல்லிவிட்டு வா, இல்லாவிட்டால் கணக்குத் தீர்க்கமாட்டோம் என்றோம். இரண்டு மாதமும் பத்து நாளும் சம்பளம் நம் கையில் நின்றது. அவன் எதிர்த்துப் பேசவில்லை. பேசியது அவனுடைய கருத்து, சம்பளம் அவன் செய்த வேலைக்கு என்று மட்டும் சொன்னான். அதற்கு நமக்குக் கோபம்தான் வந்தது. அவன் யாரிடமோ கடன் வாங்கி ஊருக்குப் போய்விட்டான்.

அவன் சொன்ன கருத்து சரியா, நம் வீட்டு வழக்கம் சரியா என்பதை இங்கே பேச நாம் வரவில்லை. இன்றும் நாம் அரிசி மூட்டை கொடுத்துத்தான் வருகிறோம். ஆலிம்கள் இருக்கிறார்கள், அவர்கள் பேசட்டும். நம்மை உறுத்தியது வேறு. எட்டு மாதம் கழித்து ஒரு நாள் நம் மகன் மதரஸாப் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். கப்பாப் (ரலி) அவர்களின் கூலிக் கதை வந்தது. ஆஸ் என்பவன் யார் என்று அவனிடம் கேட்டோம். ஒரு காபிர் என்றான். நாமும் அந்த வயதில் அப்படித்தான் சொல்லியிருப்போம். அவன் காபிர் என்று படித்தோம். அவன் வேலை வாங்கியவன், கூலி கொடுக்கவேண்டியவன், கல்லாவில் உட்கார்ந்தவன் என்று படிக்கவில்லை.

மறுநாள் ஊருக்குப் புறப்பட்ட ஒரு நண்பர் கையில் அந்தச் சம்பளத்தைக் கொடுத்தனுப்பினோம். மனச் சமாதானத்துக்காக மேலே ஒரு 200 வெள்ளியும் சேர்த்தோம். அவன் எண்ணிப் பார்த்துத் தன் சம்பளத்தை எடுத்துக்கொண்டு, அந்த 200ஐத் திருப்பி அனுப்பிவிட்டான். அந்த நோட்டுகளைக் கல்லாவில் போட நமக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் முதலாளிக்கு உரிமை ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு என்றே நினைக்கிறோம். மஸ்அலா சொல்ல நாம் ஆலிம் அல்ல, ஒரு கடைக்காரன் என்ற முறையில் சொல்கிறோம். வியாபார நேரத்தில் கல்லாவுக்கு முன்னால் மார்க்கத் தர்க்கம் கூடாது என்று சொல்லலாம். நம் கடையின் பெயரைச் சொல்லிக்கொண்டு மேடை ஏறாதே எனலாம். நீ பேசியது தவறு என்று நேருக்கு நேர் வாதாடலாம். அவனும் நாமும் ஒத்துப்போக முடியாது என்று கண்டால், முறைப்படி தவணை கொடுத்துக் கணக்கை முழுதும் தீர்த்து அனுப்பலாம். ஆஸும், இனி என் வாளை உன்னிடம் செய்யக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தால் அது ஒரு வியாபாரப் பேச்சாகப் போயிருக்கும். அவன் அதைச் செய்யவில்லை. செய்து முடித்த வேலையின் கூலியைக் கையில் பிடித்துக்கொண்டு மனத்தை விலை கேட்டான். இந்நாட்டு 1955ஆம் வருஷத்து வேலைச் சட்டமும் சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளத்தைக் கொடுத்துவிடும்படி கூறுகிறது. அதில், வேலைக்காரனின் கருத்து நமக்குப் பிடித்திருந்தால் என்று ஒரு நிபந்தனை இல்லை.

நாயகம் (ஸல்) அவர்கள் தாமே வேலை வாங்கியவர்களும்தாம். 622ஆம் ஆண்டு ஹிஜ்ரத்துக்குப் புறப்பட்டபோது, பாதை காட்ட அப்துல்லாஹ் இப்னு உரைக்கித் என்பவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் அப்போது குறைஷிகளின் மதத்திலேயே இருந்தவர். அவரிடம் இரண்டு ஒட்டகங்களை ஒப்படைத்து, மூன்று இரவுகள் கழித்துத் தவ்ர் குகைக்கு வரச் சொன்னார்கள். பிடித்துக் கொடுத்தால் நூறு ஒட்டகங்கள் என்று ஊரே பறை சாற்றியிருந்த வேளையிலும் அவர் சொன்ன நேரத்தில் வந்து நின்றார். மதீனாவில் ஒரு யூதச் சிறுவன் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்து வந்தான். அவன் நோயுற்றபோது அவனுடைய வீட்டுக்கே போய்த் தலைமாட்டில் உட்கார்ந்து இஸ்லாத்துக்கு அழைத்தார்கள். அவன் பக்கத்தில் நின்ற தகப்பனைப் பார்த்தான். தகப்பன் சம்மதிக்கவே கலிமாச் சொன்னான். அதுவரை அவன் யூதனாக இருந்துகொண்டே அந்த வீட்டில் வேலை செய்திருக்கிறான்.

கப்பாப் (ரலி) அவர்களின் பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்தார்கள். 624இல் பத்ரில் போரிட்டார்கள். அதன் பின் எல்லாப் போர்களிலும் நாயகம் (ஸல்) அவர்களோடு இருந்தார்கள். உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்தபோது ஒரு நாள் கப்பாப் (ரலி) வந்தார்கள். அவர்களைத் தம் அருகே அழைத்து, இந்த இருக்கைக்கு உம்மைவிட உரியவர் அம்மாரைத் தவிர வேறில்லை என்ற கருத்தில் கலீஃபா மரியாதை செய்தார்கள். கப்பாப் (ரலி) தம் முதுகைத் திறந்து காட்டினார்கள். எத்தனை வருஷங்களுக்குப் பின்னும் அந்தத் தழும்புகள் மாறவில்லை. தாஹா ஸூரா ஓதிய அந்த வீட்டில் மறைந்து நின்றவரும், வாளோடு நுழைந்தவரும் இப்போது ஒரே விரிப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு அவர்கள் கூஃபா நகரில் குடியேறினார்கள். செல்வம் வந்தது. ஒரு திர்ஹமும் சொந்தமில்லாமல் நாயகம் (ஸல்) அவர்களோடு இருந்த நான், இன்று வீட்டு மூலையில் 40,000 திர்ஹம் வைத்திருக்கிறேனே என்று அவர்கள் கலங்கியது ஹதீஸில் வருகிறது. அந்தப் பணப்பெட்டியை அவர்கள் கயிறு போட்டுக் கட்டியதும் இல்லை, கேட்டு வந்தவரைத் தடுத்ததும் இல்லை என்கின்றன கிதாபுகள். தம் கூலிக்காக ஒரு பணக்காரனின் வாசலில் நின்ற மனிதரின் பெட்டி அது என்பதை நினைத்துக்கொண்டு நாம் இதை வாசிக்கிறோம்.

கடைசிக் காலத்தில் கடுமையான வயிற்று நோய். அக்காலத்து வைத்திய முறைப்படி ஏழு இடங்களில் சூடு போட்டார்கள். மரணத்தைக் கேட்கக்கூடாது என்று நாயகம் (ஸல்) தடுத்திராவிட்டால் கேட்டிருப்பேன் என்று சொல்லும் அளவுக்கு வேதனை. உஹதில் ஷஹீதான முஸ்அப் (ரலி) அவர்களின் நினைவு அவர்களை விட்டு நீங்கவே இல்லை. அவருக்குக் கபன் இடக் கிடைத்தது ஒரே ஒரு துணி. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது, கால்களின்மேல் இத்கிர்ப் புல்லைப் போட்டு அடக்கினார்கள். அவரெல்லாம் இந்த உலகத்தில் தம் கூலியில் ஒன்றையும் அனுபவிக்காமல் போய்விட்டார், நமக்கோ பழம் கனிந்து பறித்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் அவர்களுடைய ஏக்கம்.

ஹிஜ்ரி 37, அதாவது 657ஆம் ஆண்டில் அவர்கள் வபாத்தானார்கள். வயது 73 என்பர். கூஃபாவாசிகள் அதுவரை மையித்தைத் தங்கள் வீட்டு முற்றங்களிலேயே அடக்கி வந்தார்கள். கப்பாப் (ரலி) தம்மை ஊருக்கு வெளியே அடக்கும்படி வஸிய்யத் செய்தார்கள். அதன் பின் ஜனங்களும் அங்கேயே அடக்கத் தொடங்கினார்கள். ஸிப்பீனிலிருந்து திரும்பி வந்த அலி (ரலி) அவர்கள் அந்தக் கபுறைக் கண்டு, விரும்பி முஸ்லிமாகி, மனமொப்பி ஹிஜ்ரத் செய்து, உடலில் துன்பங்களைத் தாங்கிய மனிதர் என்று நினைவுகூர்ந்து துஆச் செய்தார்கள்.

ஆஸ் அதற்கு வெகு காலம் முன்பே மக்காவில் இறந்துபோனான். அவனுடைய இரு மக்கள், ஹிஷாம் (ரலி) அவர்களும் அம்ரு (ரலி) அவர்களும், தகப்பன் பரிகசித்த அதே கலிமாவைச் சொன்னார்கள். அந்த வாளின் கூலி மட்டும் கப்பாப் (ரலி) அவர்களுக்கு வந்து சேர்ந்ததாக நாம் ஓதிய எந்தக் கிதாபிலும் இல்லை.